மேலத்தெருப் பெட்ரோல்

தொளக்… தொளக்… தொளக்…

அடுப்படியில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்த மாரிக்கனியின் கை அப்படியே நின்றது.

சத்தம் முன்னறையிலிருந்து வந்தது. அவள் புருஷன் சந்தனம் தன் மோட்டார் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்டி, டேங்க்குக்குள் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்கிற சத்தம். ஆறு வருஷமாக அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறாள் அவள். ஒரு மூலையில் 'கிளுக்' என்று உருண்டால், பந்தல்குடி பங்க் வரைக்கும்கூடக் காணாது. 'சளக் சளக்' என்று அலைந்தால் அருப்புக்கோட்டைக்குப் போய்விடலாம். திரும்பும்போது பாதி வழி உருட்டிக்கொண்டு வரவேண்டும். அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவாள்.

ஆனால் இன்றைக்குக் கேட்டது கனத்த சத்தம். கிணற்றில் முங்கிய குடம் மேலே வரும்போது அசைகிற மாதிரி. டேங்க் கழுத்துவரை நிறைந்திருக்கிறது.

அந்த வீட்டில் டேங்க் நிறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊரில் ஒரு சாவு விழுந்திருக்கிறது.

மாவுக் கையோடு ஓடி வந்தாள். "யாரு? யாரு போயிட்டாக?"

சந்தனம் தலை நிமிரவில்லை. பழைய பனியனைக் கிழித்த துணியால் டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஒருத்தரும் போகல. நீ போயி வேலையப் பாரு."

"அப்ப எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு?"

அவன் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"இன்னைக்கு யாரு வாராகன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? நரிக்குடி சம்பந்தி மதினி வாராக. நம்ம பிள்ளைய அனுப்பலாமா வேண்டாமான்னு சொல்ல வாராக. இன்னைக்குப் போயி…"

பாவி மனுஷன்! ஒரே மகள் சத்யபிரியா. தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது உலகத்தில் எல்லாப் பெண்ணுக்கும் நடக்கிற காரியம். அவளுக்கு மட்டும் அது நடக்குமா நடக்காதா என்று, இந்த முன்னறையில் நிற்கிற இரும்பை வைத்தல்லவா தீர்மானிக்க வேண்டியிருக்கிறது!

அந்த வண்டி வந்த கதையைச் சொன்னால்தான் இது விளங்கும்.

சந்தனத்தின் அப்பா சோலைச்சாமி நடந்தே தேய்ந்த மனுஷன். மேலத்தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சாவுச் சேதியைச் சுமந்து கேதம் சொல்லிப் போகவேண்டியது அவர். திருச்சுழி, நரிக்குடி, பாலவனத்தம் என்று சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் கரிசல் வெயிலில் செருப்பில்லாமல் நடப்பார். யார் வாசலிலும் ஏற மாட்டார். தெருவில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, பெரியவுக தவறிட்டாக, நாளைக்கு எடுக்காக" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். கேதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. புறப்படும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. கடைசியில் அவர் காலில் பித்தவெடிப்பு இல்லாத இடமே இல்லை.

அப்பாவைக் குழியில் இறக்கிய அன்றைக்கு, இனி எவனுக்காகவும் அப்படி நடப்பதில்லை என்று சந்தனம் மண்ணை அள்ளிப் போட்டுச் சொன்னான். ஐ.டி.ஐ. படித்து, அருப்புக்கோட்டை நூல் மில்லில் ஃபிட்டரானான். மேலத்தெரு இளவட்டங்களை அப்பா 'சாமி' என்று கூப்பிட்டார். இவன் 'தம்பி' என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவனை எத்தனை பேர் முறைத்திருக்கிறார்கள்!

தொண்ணூறாம் வருஷம், மில் மேனேஜரின் மகன் ஒரு வண்டியை விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனான். ரெண்டு சிலிண்டர், ரெண்டு கார்ப்பரேட்டர், ரெண்டு சைலன்சர். பந்தய வண்டி மாதிரி சீறும். பெட்ரோல் குடிக்கிற குடியைப் பார்த்து யாருமே வாங்கவில்லை. மொபெட் விலைக்கும் கீழே வந்து கிடந்தது. சந்தனம் வாங்கி வந்துவிட்டான்.

"நமக்கெதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"மேலத்தெரு வழியா ஒரு தடவ போயிட்டு வாரேன், நீ வீட்டுல இருந்தே கேளு" என்றான்.

கேட்டாள். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி இருந்தது. "என்னயப் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்கிடலாம். காதத் திருப்ப முடியுமா?" என்று சிரித்தான். புருஷன் அப்படிச் சிரித்து அவள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

சிரிப்பு ஒரு மாசம்தான் ஓடியது. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். முறுக்கினால் அதுவும் இல்லை. சரி, மெதுவாகப் போகலாம் என்றால், ரெண்டு பிளக்கும் கரி பிடித்து வண்டி நடுரோட்டில் இருமிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்து, கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வேகமாகப் போனால் பெட்ரோல் காலி, மெதுவாகப் போனால் பிளக் காலி. என்ஜினுக்கென்று தனியாக ஆயில் வேறு ஊற்ற வேண்டும். ஒரு ரப்பர் வாசர் தேய்ந்தாலும் மதுரைக்கு ஓட வேண்டும்.

டீக்கடையில் கேலி பறந்தது. "ஏலே சந்தனம், இது பெட்ரோல்ல ஓடுதா, பெட்ரோல்ல குளிக்குதா?" "எம்புட்டுடா குடுக்கு?" என்று யார் கேட்டாலும், "நாப்பது" என்று கூசாமல் சொல்வான். சொல்லிவிட்டு, தெருமுனையிலேயே பெட்ரோல் டியூபை மூடி, என்ஜினை அணைத்து, உருளுகிற வேகத்திலேயே வீட்டு வாசலுக்கு வந்து சேர்வான். மில்லுக்கு சைக்கிள்தான். ஆயுத பூசைக்கு மட்டும் வண்டி மில்லைப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் முன்னறையில், சாக்குப் போர்த்தி, சாமான் செட்டு மாதிரி நின்றது. கட்டில் போட இருந்த இடம் அது. மாரிக்கனி அதற்குப் பிறகு தரையில்தான் படுத்தாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் மேலத்தெரு செல்வக்குமார் அவர்கள் வாசலில் வந்து நின்றான். அவனுடைய தாத்தா இறந்திருந்தார். மேலத்தெருக்காரன் ஒருத்தன் இந்த வாசலைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"சந்தனம், ஒன் வண்டி மாதிரி வேகம் இந்தப் பக்கத்துல வேற எதுக்கு உண்டு? ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு. டேங்க்க ரொப்பி விட்டுருதோம்."

சந்தனத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் வண்டியைத் தேடி வந்திருக்கிறான்! என் வண்டியை! அப்பா மூன்று நாள் நடந்த தூரத்தை அவன் அரைநாளில் சுற்றி வந்தான். மிச்சப் பெட்ரோலில் மறுவாரம் மாரிக்கனியை அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் படம் காட்டி, புரோட்டா வாங்கித் தந்தான். ஒருபக்கமாக உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்று முகத்தில் அறைய அவள் வந்த அந்தச் சாயங்காலம் இருக்கிறதே, அவள் ஆயுசிலேயே அவள் ராணியாக இருந்த நேரம் அது. யார் வீட்டுக் கண்ணீர் அந்த டேங்க்கில் மிஞ்சிக் கிடந்தது என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் அந்தப் புரோட்டா நெஞ்சிலேயே நிற்கிறது.

ஒன்று, இரண்டு என்று கேதம் வந்துகொண்டே இருந்தது. சாவு வீட்டுக்காரன் மைலேஜ் கேட்க மாட்டான் அல்லவா? வண்டி ஓடியது. ரெட்டைக்குழல் வண்டி என்று கூப்பிட்டவர்கள் கேத வண்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தூரத்தில் அந்த உறுமல் கேட்டாலே ஊர்களில் கிழவர் இருக்கிற வீடெல்லாம் வாசலுக்கு வந்தது. வண்டி யார் வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில், அவன் வாயைத் திறக்கும் முன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

அப்போதும் சந்தனத்துக்கு உறைக்கவில்லை. போன தை மாசம் நரிக்குடியில்தான் உறைத்தது.

சத்யபிரியாவை நரிக்குடியில் கட்டிக் கொடுத்து எட்டு மாசம் ஆகியிருந்தது. மேலத்தெருச் சாவு ஒன்றுக்குக் கேதம் சொல்ல அதே ஊருக்கு, அவள் தெருவுக்கே போனான். அது கண்மாய்க்கரையில் புதிதாக வந்த தெரு. மகள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் வீடு கட்டியிருந்த மேலத்தெருச் சொந்தக்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை என்ன நினைப்பாள்? தான் உண்டாயிருக்கிற சேதியை முந்தின நாள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்; அதைக் கேட்டு அப்பா ஓடி வந்துவிட்டார் என்று நினைத்தாள். செம்பு நிறையத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடி வந்து, "அப்பா!" என்று சிரித்துக்கொண்டே நின்றாள்.

சந்தனம் எதிர்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, துண்டை இடுப்பில் கட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னான். அந்த வீட்டில் ஓலம் எழுந்தது. கேதம் சொன்ன வாயோடு பிள்ளைத்தாச்சி வாசலுக்குப் போகலாமா? அவள் கையால் தண்ணீர் வாங்கலாமா? மகள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினான். அவள் செம்பை ஏந்தியபடியே நின்றாளாம். தெரு முழுக்க அதைப் பார்த்ததாம்.

வீட்டுக்கு வந்து, தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு அவன் அழுத அழுகையை மாரிக்கனி மறக்கவே மாட்டாள். "நானும் அப்பா மாதிரியே துண்டக் கட்டுனேன் மாரி… எப்படிக் கட்டுனேன்னே தெரியல… கை தன்னால போயிருச்சு…"

அந்த வாரமே சம்பந்தகாரியிடமிருந்து சேதி வந்தது. அப்பன் கேதம் சொல்லிப் போகிற வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை அனுப்ப மாட்டோம், அந்த வேலையை விட்டால்தான் அனுப்புவோம். விட்டுவிட்டேன் என்று மகள் தலையில் சத்தியம் பண்ணினான் சந்தனம். வண்டியை விற்கவும் பார்த்தான். திருச்சுழியிலிருந்து ஒருத்தன் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எம்புட்டுக் குடுக்கும்?" என்று கேட்டான். ஊருக்கெல்லாம் நாற்பது என்று சொன்ன வாய், அன்றைக்கு மட்டும் "பதினெட்டு" என்று உண்மையைச் சொன்னது. வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பொய் சொல்ல மனசில்லாமல் சொன்னானா, விற்க மனசில்லாமல் சொன்னானா, மாரிக்கனிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது அவன் டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்த கையை அவள் பிடித்து நிறுத்தினாள். "சொல்லுங்க. எண்ணெய் ஏது?"

"மேலத்தெரு ஜக்கம்மா ஆச்சிக்கு முடியல" என்றான் மெதுவாக. "டாக்டரு கைய விரிச்சிட்டாராம். இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. நான் ஷிப்டு முடிஞ்சு வரையில செல்வக்குமாரு கேனோட நின்னான். இப்பவே ஊத்தி வையி, அந்த நேரத்துல தேடி அலைய முடியாதுன்னான்."

"உசுரோட இருக்கிற கெழவிக்கா எண்ணெய் வாங்குனீக?"

"கேளு மாரி. போக மாட்டேன். நெசமா போக மாட்டேன். பிள்ள இங்க வந்து இருக்கையில, நட்ட நடுச்சாமத்துல வலி எடுத்தா பஸ்ஸா இருக்கு? காருக்கு எங்க ஓட? வண்டியில போயி டாக்டரம்மாவக் கூட்டியாரலாம்ல. டேங்க் நெறஞ்சு கெடந்தா ஒரு தைரியம். அதுக்காகத்தான் வாங்குனேன். ஆச்சி எந்திரிச்சு உக்காந்துட்டா அவுகளும் கேக்க மாட்டாக."

மாரிக்கனி தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேரப்பிள்ளை பிறக்க, இன்னொருத்தி சாவுக்கு அளந்த பெட்ரோலா! இந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா?

உச்சிப் பொழுதுக்குச் சம்பந்தகாரி அருஞ்சுனை வந்தாள். ரெண்டு பஸ் மாறி வந்த களைப்பு. கையில் மஞ்சள் பை. அதற்குள் சத்யபிரியா கொடுத்தனுப்பிய அளவு ஜாக்கெட், தாய்வீட்டில் தைத்துக்கொள்ள. அதைப் பார்த்ததும் மாரிக்கனிக்கு உயிரே வந்தது. அனுப்பப் போகிறார்கள்!

"வாங்க மதினி, வாங்க. பிள்ள எப்படி இருக்கா? மசக்கை விட்டுச்சா?"

"அத ஏன் கேக்கீக! இப்பத்தான் ஒருவாய் சோறு எறங்குது. ஓயாம ஒங்க மகளுக்கு ஒங்க கை கருவாட்டுக் கொழம்புதான் நெனப்பு. நான் வச்சா மொகத்தச் சுளிக்கா." அருஞ்சுனை சிரித்தாள். பிறகு சாக்குப் போர்த்திய வண்டியைப் பார்த்தாள். சிரிப்பு குறைந்தது. "விக்கலியாண்ணே?"

"எவனும் வாங்க மாட்டேங்கான்மா" என்றான் சந்தனம். "நிக்கட்டும்னு விட்டுட்டேன். அதுல கேதத்துக்குப் போறதில்ல."

"நின்னா நிக்கட்டும். இரும்பு என்ன செய்யும்?" அவள் பெருமூச்சு விட்டாள். "என்னயப் பொல்லாதவன்னு நெனச்சிராதீக. ஒங்க மகளப் பெத்த மகளாத்தான் வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரும் இந்த வேலையில இருந்து கைய ஒதறிட்டு வந்தவருதான். அதுக்காக அடி வாங்கி, ஊர விட்டு வந்து, கண்மாய்க்கரையில குடிசை போட்டோம். பொறக்கப் போற பிள்ளையாச்சும் அந்தப் பேரு இல்லாம பொறக்கட்டும்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதேதான்மா எனக்கும்" என்றான் சந்தனம்.

"அப்பச் சரி. வார வெள்ளிக்கெழம வளையலப் போட்டுக் கூட்டிட்டு வந்துருங்க."

மாரிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து மாசமாக அடைத்திருந்த நெஞ்சு அப்போதுதான் திறந்தது. காப்பி போட அடுப்படிக்குத் திரும்பினாள்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பூனை மாதிரி, சத்தமே இல்லாமல். செல்வக்குமார். புது வண்டி, சீட்டில் ஒட்டிய பாலித்தீன்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"சந்தனம்! ஆச்சி போயிட்டாக. கெளம்பு."

மாரிக்கனி அடுப்படி வாசலிலேயே திரும்பி நின்றாள்.

சந்தனம் எழுந்தான். "தம்பி… இந்தத் தடவ என்னால முடியாது தம்பி. வேற ஆளப் பாருங்க."

"வேற ஆளா? டேங்க் நெறைய ஊத்துனது யாருக்கு? மொதல்ல நரிக்குடிக்குப் போ, அங்கதான் ஆச்சி பொறந்த வீடு. நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கோம்னு சொல்லு."

நரிக்குடி. அருஞ்சுனை தலையைக் குனிந்துகொண்டாள்.

"எண்ணெயத் திருப்பித் தந்துர்றேன் தம்பி. நீங்க புதுசா வண்டி வாங்கிருக்கீகள்ல… லிட்டருக்கு எம்பது குடுக்கும்னாக. பாதி எண்ணெயில சுத்திட்டு வந்துரலாம். பந்தல்குடியில போன் பூத்துகூட வந்துருச்சு…"

செல்வக்குமார் அவனை ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பது போலப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அதுதான் கொடுமை.

"எங்க வீட்டுச் சாவுக்கு நாங்களே போயிக் கேதம் சொல்றதா? நல்லா இருக்கே! ஒன் வண்டியப் பாத்தா ஒன்னயக் கூப்புடுதோம்? ஒங்க அப்பன் நடந்து போனான், நீ வண்டியில போற. அம்புட்டுத்தான். வெரசா கெளம்பு."

பூனை வண்டி திரும்பிப் போய்விட்டது.

சந்தனம் நின்ற இடத்திலேயே நின்றான். ஆறு வருஷமாக அவன் நிமிர்த்தி வைத்திருந்த நெஞ்சு, காற்றுப் போன டியூப் மாதிரி மாரிக்கனியின் கண் முன்னால் ஒடுங்கியது. வண்டியைத் தேடி வரவில்லை அவர்கள். ஒருநாளும் வண்டியைத் தேடி வரவில்லை. பதினெட்டு கொடுத்தாலும் எண்பது கொடுத்தாலும், வண்டியே இல்லாவிட்டாலும், சோலைச்சாமி மகன் போக வேண்டும். அவ்வளவுதான். சத்தம் போட்டு, சீறி, குடித்து, அவன் சம்பளத்தையும் அவள் கட்டில் இடத்தையும் தின்று, அந்த இரும்பு அவனைக் கொண்டுவந்து சேர்த்த இடம் அவன் அப்பா நின்ற அதே தெரு.

அருஞ்சுனை எழுந்தாள். மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். அளவு ஜாக்கெட் அதற்குள்ளேயே இருந்தது.

"மதினி, ஒருவாய் காப்பி…" மாரிக்கனி ஓடி வந்தாள். "மதினி, அவுக போக மாட்டாக. இந்தா, இப்பவே எண்ணெய எறக்கிக் கொண்டு போயிக் குடுத்துட்டு வந்துருவாக. பிள்ளைக்காக வாங்குனாக மதினி, பிள்ளைக்கு வலி வந்தான்னு…"

"திருப்பிக் குடுத்துர்றேன்மா" என்றான் சந்தனம். கையெடுத்துக் கும்பிட்டான். "இப்பவே குடுத்துர்றேன்."

அருஞ்சுனையின் கண் கலங்கியிருந்தது. "எண்ணெயத் திருப்பிரலாம்ணே. அவுக நெனச்ச நேரம் வந்து கூப்புடுத வாசலு இது. அத எங்க கொண்டு போயித் திருப்புவீக? எம் பேரப்பிள்ள இந்த வாசல்லயா கண்ணு முழிக்கணும்?"

சந்தனம் கும்பிட்ட கையை இறக்கினான்.

அவள் படியிறங்கினாள். மாரிக்கனி வாசல்வரை பின்னாலேயே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றாள். 'வாரேன் மதினி' என்ற ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சண்டைக்காரிகூடச் சொல்லிவிட்டுப் போகிற சொல் அல்லவா அது?

அருஞ்சுனை சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து போகிறவளைப் போல, ஒன்றுமே சொல்லாமல், வெயிலில் இறங்கி பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

உள்ளே, சந்தனம் சாக்கை விலக்கி, வண்டியின் டேங்க்கைக் கட்டிக்கொண்டு அதன்மேல் முகத்தைப் புதைத்திருந்தான். அவன் முதுகு குலுங்கியது. அதோடு சேர்ந்து டேங்க்கும் குலுங்கியது. தொளக்… தொளக்…

மேலத்தெருவில் சங்கு ஊதத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது மறுபடியும் வந்து கூப்பிடுவார்கள்.

மாரிக்கனி கடைசியாக ஒரு தடவை ரோட்டை எட்டிப் பார்த்தாள். மஞ்சள் பை கண்ணுக்கு மறைந்திருந்தது. அவள் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.